வேகம் மட்டும் சொன்னால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



"அவன் போடுற பால் நூறு கிலோமீட்டர் ஸ்பீடுடா!" என்று யாராவது சொன்னால் நாம் திருப்பி என்ன கேட்போம்? "டென்னிஸ் பாலா, கிரிக்கெட் பாலா?" என்றுதானே? டென்னிஸ் பால் சுமார் 58 கிராம். கிரிக்கெட் பால் சுமார் 160 கிராம். இரண்டும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் முதலாவதில் இருப்பது 22 ஜூல், இரண்டாவதில் இருப்பது 62 ஜூல். பேட் கட்டாமல் நிற்பவனுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் போர்டில் எழுதிக் காட்ட வேண்டாம். முழங்காலே சொல்லிவிடும்.

மைதானத்தில் இவ்வளவு உஷாராகக் கேள்வி கேட்கிற நாம், ஒரு பொருளின் அட்டைப்பெட்டி மேல் ஒரே ஒரு நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோமே, அது ஏன்? இதைப் பற்றித்தான் இங்கே எழுத ஆசைப்படுகிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஏர்சாஃப்ட் துப்பாக்கி.

அது என்ன ஏர்சாஃப்ட்?

உண்மைத் துப்பாக்கி வைத்திருக்க மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடு ஜப்பான். அங்கே வளர்ந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய விளையாட்டு இது. இரண்டு அணிகளாகப் பிரிந்து, கண்ணுக்குக் காகிள்ஸ் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் குண்டால் சுட்டுக்கொள்வார்கள். பட்டவன் தானாகவே கையைத் தூக்கி "அவுட்" என்று வெளியேற வேண்டும். நேர்மைதான் அம்பயர்!

திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அந்த ஏர்கன்னோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏர்கன்னில் போவது ஈயக் குண்டு. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியிலும் ஈயக் குண்டுதான். 4.5 மி.மீ. விட்டம், ஏறக்குறைய அரை கிராம் எடை, விநாடிக்கு 170 மீட்டர் அளவு வேகம். கணக்குப் போட்டால் 7 ஜூலுக்கு மேல் வரும். ஏர்சாஃப்ட் குண்டோ 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை. சாதாரணமாக ஒரு ஜூல் பக்கத்தில்தான் நிற்கும்.

ஒரு ஜூல் என்றால் எவ்வளவு? 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் வந்து மோதும் ஆற்றல்தான் ஒரு ஜூல். "ப்பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் கால் சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே பெரிய ஓர் இடத்தில் இறங்குகிறது. சட்டை மேல் பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால்? பார்வையே போகலாம். ஆகவே இது வெறும் பொம்மைக் கணக்கு அல்ல நண்பர்களே!

உருவம் ஒன்று, எடை வேறு

இந்தக் குண்டுகள் எல்லாமே ஒரே சைஸ். விட்டம் 5.95 மி.மீ. அளவில் இருக்கும். ஆனால் எடை மட்டும் 0.12 கிராம், 0.20, 0.25, 0.30, 0.40, 0.48 என்று பல வகை. எப்படி? உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்திதான் காரணம். 0.12 கிராம் குண்டின் அடர்த்தி ஏறக்குறைய வெறும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி. 0.40 கிராம் வேண்டுமென்றால் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தி வேண்டும். அதற்காகக் கனமான தாதுப் பொடியைப் பிளாஸ்டிக்கோடு கலக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. தராசில் வைத்தால்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது!

இப்போது முதலாண்டுப் பாடத்துக்கு வருவோம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. வைவாவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சரி, ஒரு துப்பாக்கி எந்தக் குண்டுக்கும் சரியாக ஒரு ஜூல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயை விட்டு வெளிவரும்போது வேகம் எவ்வளவு இருக்கும்?

0.12 கிராம்: விநாடிக்கு 129 மீட்டர் (424 அடி)
0.20 கிராம்: விநாடிக்கு 100 மீட்டர் (328 அடி)
0.25 கிராம்: விநாடிக்கு 89 மீட்டர் (293 அடி)
0.30 கிராம்: விநாடிக்கு 82 மீட்டர் (268 அடி)
0.40 கிராம்: விநாடிக்கு 71 மீட்டர் (232 அடி)
0.48 கிராம்: விநாடிக்கு 65 மீட்டர் (212 அடி)

ஆறு வேகம், ஆனால் ஆற்றல் ஒன்றே! 0.12-லிருந்து 0.48-க்குப் போகும்போது எடை நான்கு மடங்கு ஏறுகிறது, வேகம் சரிபாதியாக இறங்குகிறது. "வேகத்துக்குத்தானே வர்க்கம் இருக்கு, எடைக்கு இல்லையே. அப்ப வேகம்தான் முக்கியம்" என்று வாதாடுகிற நண்பர்களுக்கு இந்தப் பட்டியலே பதில். வர்க்கம் இருப்பது உண்மை. ஆனால் ஒரே துப்பாக்கியில் எடையைக் கூட்டாமல் குறைக்காமல் வேகம் மட்டும் தனியாக மாறுவதில்லையே!

பொய் இல்லை, பாதி உண்மை

விற்பவர் என்ன செய்யலாம்? 0.12 கிராம் குண்டைப் போட்டு அளந்து, பெட்டி மேல் "424 அடி வேகம்!" என்று அச்சடிக்கலாம். அது பொய்யா? இல்லை. அளந்தால் அந்த வேகம் வரத்தான் செய்யும். பக்கத்துக் கடையில் அதே சக்தியுள்ள இன்னொரு துப்பாக்கிக்கு நேர்மையாக 0.20 கிராமில் அளந்து "328" என்று போட்டிருந்தால் வாங்குகிறவன் எதை எடுப்பான்? நம்பர் பெரிசா இருக்கிறதைத்தான் எடுப்பான். நேர்மையானவன் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எடையைச் சொல்லாத வேகம் இப்படித்தான் வேலை செய்கிறது.

விளையாட்டு மைதானத்தில் இதையே தலைகீழாகச் செய்யலாம். அங்கே ஆட்டம் தொடங்கும் முன் குரோனோகிராஃப் என்ற கருவியில் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதிப்பார்கள். "350 அடிக்கு மேல் போகக் கூடாது" என்று மட்டும் ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவனுடைய துப்பாக்கி 1.6 ஜூல் கொடுக்கிறது. 0.20 கிராம் குண்டு போட்டால் 415 அடி காட்டும், ஆள் வெளியே! அவனே 0.30 கிராம் குண்டைப் போட்டு நீட்டினால்? 339 அடி. பாஸ்! துப்பாக்கியில் ஒரு ஸ்க்ரூகூடத் திருகவில்லை. குண்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. முன்னமே சொன்னேன் அல்லவா, தராசில்தான் தெரியும் என்று!

அது மட்டுமா? 350 அடி வேகத்தில் 0.20 கிராம் குண்டின் ஆற்றல் 1.14 ஜூல். அதே 350 அடியில் 0.40 கிராம் குண்டுக்கு 2.28 ஜூல். விதியை இருவரும் மீறவில்லை. ஆனால் எதிரே நிற்பவன் மேல் பாய்வது இரண்டு மடங்கு! இப்படி ஒரு விதி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

குழலுக்குள் நடக்கும் கூத்து

மேலே "எந்தக் குண்டுக்கும் ஒரே ஆற்றல்" என்று வைத்துக்கொண்டோம். ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கியில் இது ஓரளவு சரி. இறுக்கிய ஸ்பிரிங்கில் இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான் என்று தீர்மானமாகிவிடுகிறது. சிலிண்டரில் உள்ள காற்றும் ஒரே அளவு.

வாயுவில் இயங்கும் துப்பாக்கியில் கதை வேறு. வால்வு திறந்ததும் வாயு குண்டைத் தள்ளுகிறது. லேசான குண்டு சட்டென்று குழலை விட்டு ஓடிவிடும். அதன் பின்னால் அழுத்தத்தோடு வரும் வாயு வீணாகக் காற்றில் போகும். கனமான குண்டு மெதுவாக நகரும், குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், வாயுவும் அதைக் கடைசிவரை நல்ல அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை என்றால் விசையைத் தூரத்தால் பெருக்குவது. தூரம் அதே குழல் நீளம்தான், ஆனால் சராசரி விசை கூடிவிடுகிறது. விளைவு? அதே துப்பாக்கி கனமான குண்டுக்கு அதிக ஜூல் கொடுக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியிலும் குழலுக்குத் தேவையானதைவிடப் பெரிய சிலிண்டர் இருந்தால் இது கொஞ்சம் நடக்கும்.

ஆகவே 0.20 கிராமில் சோதித்துவிட்டு, 0.40 கிராமில் விளையாட விட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. எந்தக் குண்டால் விளையாடப் போகிறானோ அந்தக் குண்டால்தான் சோதிக்க வேண்டும். இது என் அழுத்தமான கருத்து.

ஆமையும் முயலும்

வாயில் அளந்த ஆற்றலோடு கதை முடிந்துவிடவில்லை. காற்று இருக்கிறதே! காற்றின் தடைவிசை குண்டின் உருவத்தையும் வேகத்தையும்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஆனால் அந்த விசையால் ஏற்படும் வேகக் குறைவு எடையைப் பொறுத்தது. 100 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 0.20 கிராம் குண்டு, முதல் கணத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 38 மடங்கு எதிர்முடுக்கத்தைச் சந்திக்கிறது. 71 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 0.40 கிராம் குண்டுக்கு அதில் கால் பங்குதான்.

காற்றின் அடர்த்தி 1.2, இழுவைக் கெழு 0.45 என்று வைத்து 30 மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.20 கிராம் குண்டின் வேகம் 32 மீட்டராக விழுந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் ஆற்றல் 0.1 ஜூல். 0.40 கிராம் குண்டுக்கு அங்கே இன்னும் 40 மீட்டர் வேகம், 0.32 ஜூல். மூன்று மடங்கு! கிளம்பும்போது இருவர் கையிலும் அதே ஒரு ஜூல்தான் இருந்தது.

அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்? முதலாவதற்கு 0.55 விநாடி, இரண்டாவதற்கு 0.57 விநாடி. கிளம்பும்போது அவ்வளவு முன்னால் ஓடிய முயலை ஆமை 30 மீட்டரில் ஏறக்குறைய பிடித்தேவிட்டது. இன்னும் சில மீட்டர் போனால் தாண்டியும் விடும்.

அந்த அரை விநாடியில் புவியீர்ப்பு குண்டை ஒன்றரை மீட்டர் கீழே இழுத்துவிடுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்காகத்தான் குழலின் தொடக்கத்தில், மேல் பக்கம் ஒரு சிறு ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். உரசிப் போகும் குண்டு பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி மேக்னஸ் விளைவால் குண்டைத் தூக்கிப் பிடிக்கும். கனமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கடைசியில் எடையில் வந்துதான் நிற்கிறது பாருங்கள்!

ஆகவே, ஜூலைச் சொன்னாலும் முழு உண்மை ஆகிவிடாது என்பதையும் நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆற்றலையும் சொல்லி, குண்டின் எடையையும் சொன்னால்தான் 30 மீட்டரில் என்ன நடக்கும் என்று தெரியும்.

முந்நூறு வருஷத்துப் பஞ்சாயத்து

இது ஏதோ இன்றைக்கு வந்த தகராறு அல்ல. ஓடும் பொருளின் வலிமையை அளப்பது நிறையை வேகத்தால் பெருக்கியா, அல்லது வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியா என்று ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. 1686-ல் லைப்னிட்ஸ் வர்க்கத்தின் பக்கம் கொடி பிடித்தார். 1722-ல் நெதர்லாந்துக்காரர் ஸ்க்ராவெசாண்டே ஒரு காரியம் செய்தார். ஒரே சைஸ், வெவ்வேறு எடை கொண்ட பித்தளை உருண்டைகளைக் களிமண் மேல் போட்டார். எடை கூடக் கூட அதே விகிதத்தில் உயரத்தைக் குறைத்துப் போட்டால் பள்ளம் ஒரே அளவில் விழுந்தது! ஒரே சைஸ், வேறு எடை, சம ஆற்றல்... நம் ஏர்சாஃப்ட் குண்டின் கதையேதான் இது.

பிறகு 1742-ல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ், துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க ஊசல் முறையை விளக்கி எழுதினார். தொங்கும் கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. உந்த அழிவின்மை விதியை வைத்து வேகம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் குண்டின் எடை தெரிந்தே ஆக வேண்டும். எடை போடாமல் அந்த முறையில் விடையே வராது.

இன்றைய குரோனோகிராஃப் என்ன செய்கிறது? இரண்டு ஒளி உணரிகளுக்கு நடுவே குண்டு கடக்கும் நேரத்தை எடுத்து, தூரத்தை அதனால் வகுத்து வேகத்தைக் காட்டிவிடுகிறது. எடை தேவையே இல்லை. கருவி நல்ல கருவிதான். ஆனால் ராபின்ஸ் காலத்தில் மறக்கவே முடியாத ஒரு கேள்வியை இன்று நாம் சுலபமாக மறக்க அதுவே வழி செய்து கொடுத்துவிட்டது. வசதி கூடும்போது கேள்வி குறைகிறது. இது துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும் பேச்சா, நீங்களே சொல்லுங்கள்!

சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள்

ஜப்பானில் சக்தியைக் கூட்டி மாற்றியமைத்த துப்பாக்கிகளால் தொல்லை வந்தபோது, 2006-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் "இத்தனை அடி வேகம்" என்று எழுதவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று எழுதினார்கள். 6 மி.மீ. குண்டுக்கு இது ஒரு ஜூலுக்குச் சற்றே குறைவாக வரும். எடை, வேகம், மோதும் பரப்பு மூன்றும் ஒரே நம்பருக்குள் அடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் 2017-ல் வந்த சட்டமும் ஜூலில்தான் பேசுகிறது. தொடர்ச்சியாகச் சுடும் ஏர்சாஃப்டுக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். நம் நாட்டின் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் ஏர்கன்னுக்கு எல்லை சொல்லும்போது 20 ஜூல் என்று ஆற்றலையும், 4.5 மி.மீ. என்று குழலின் உள்விட்டத்தையும் சேர்த்தே சொல்கின்றன. ஜூலில் எழுதிய சட்டத்தைக் கனமான குண்டுக்கு மாற்றி ஏமாற்ற முடியாது.

"அதெல்லாம் சரிப்பா, மைதானத்துல நின்னு ஜூல் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியுமா? வேகம்னா டக்குனு படிச்சிடலாமே!" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். அதனால்தான் பல இடங்களில் "0.20 கிராம் குண்டுக்கு இத்தனை அடி" என்று எழுதுகிறார்கள். அது பாதி வழி வந்துவிட்ட விதி, பாராட்டலாம். ஆனால் போடுவது உண்மையிலேயே 0.20 கிராமா என்று யார் பார்ப்பது? நூறு குண்டை எண்ணித் தராசில் வைத்தால் 20 கிராம் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. சோதனை செய்பவரே தன் குண்டைக் கொடுத்துச் சுடச் சொன்னால் இன்னும் சுலபம். ஆனால் வாயுத் துப்பாக்கிக்கு அது போதாது, அவன் விளையாடப் போகும் குண்டையும் எடை போட்டு அதிலும் ஒரு முறை சுட்டுப் பார்க்க வேண்டும். கணக்கைச் செய்ய ஒரு கால்குலேட்டர் போதும். எடையை உள்ளே கொடுத்தால் ஜூலையே காட்டும் குரோனோகிராஃபும் கிடைக்கிறது. நேரமில்லை என்று சொல்வது சாக்கு. ஒரு கண்ணின் விலை இரண்டு நிமிடத்தைவிடப் பெரிசு!

நமக்கு இதில் என்ன?

"நம்மில் எத்தனை பேர் ஏர்சாஃப்ட் விளையாடப் போறோம்?" என்று கேட்கலாம். அதிகம் பேர் இல்லைதான். ஆனால் நாளைக்கு டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம்மில் பலருக்குக் கிடைக்கப் போவது இன்ஸ்பெக்ஷன், டெஸ்டிங், குவாலிட்டி கன்ட்ரோல் வேலைதான். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போவது நாம்தான்.

பம்ப் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் இறைக்கும் என்றால், எத்தனை மீட்டர் ஹெட்டில் என்று கேட்க வேண்டும். பைக் இத்தனை கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கும் என்றால், எத்தனை பேர் உட்கார்ந்து, எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டும். கயிறு இத்தனை டன் தாங்கும் என்றால், அறுந்துபோகும் எடையா, தூக்கலாம் என்று அனுமதித்த எடையா என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நம்பர் சரியாகத்தான் இருக்கும். அதோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொரு நம்பரைத்தான் காணோம். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால், அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கீழே நிற்கிறவன் தலையில்தான் விடியும்.

பாஸ் ஆவதற்கு ஃபார்முலா போதும். அந்த ஃபார்முலாவில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனை கேள்வியும் கேட்கத் தெரிந்தால்தான் அவன் டெக்னீஷியன். இயக்க ஆற்றலில் இரண்டு எழுத்து இருக்கிறது. ஒன்றை மட்டும் எவனாவது நம்மிடம் சொன்னால், மரியாதையாகவே இன்னொன்றையும் கேட்போம். கேட்டும் சொல்லவில்லை என்றால், தராசை எடுத்து நாமே எடை போட்டுப் பார்ப்போம்!